கூர் முனையில் கொத்திய குஞ்சு

"பன்னிரண்டும் போச்சு" என்றார் பிலோமினா சிஸ்டர்.

சுபைதா தீவனத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காதுல விழுதா? பன்னிரண்டும்! பேருக்கு ஒண்ணுகூட மிஞ்சல. நீ செஞ்சு குடுத்த மெஷின், நீ சொல்லி வரவழைச்ச முட்டை. உன்னைக் குருன்னு நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

சிஸ்டருக்கு அறுபத்தொரு வயது. அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்துநாலு வருடம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது. உயிரை வெளியே எடுத்தே பழகிய கை, கீரை ஆய்ந்துகொண்டு சும்மா இருக்குமா? வீட்டிலேயே நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கலாம் என்று யாரோ சொல்ல, சுபைதாவின் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.

சுபைதாவுக்கு முப்பத்துமூன்று. தெர்மாகோல் பெட்டியில் கண்ணாடி ஜன்னல் வைத்து, பல்பும் சின்ன ஃபேனும் பொருத்தி இன்குபேட்டர் செய்பவள். அதில் குஞ்சும் பொரிப்பவள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற பெண்.

"முட்டை எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"மூணு வாரம் முந்தின திங்கக்கிழமை காலைல. தேனியில பஸ் பார்சல்ல போட்டுவிட்டாங்க."

"மெஷின்ல எப்ப வெச்சீங்க?"

"வந்த நிமிஷமே. வலியோட வர்றவளை வராண்டாவுலயா உட்கார வைப்பாங்க?"

சுபைதா ஒரு முட்டையை எடுத்தாள். கூர் முனை கீழே இருக்கும்படி அட்டையில் நிறுத்தினாள். அதன் பக்கத்தில் ஒரு விரலைக் காட்டினாள்.

"ஒரு நாளா?"

"ஒரு நாள். ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்தது. உள்ளே அடங்கணும்."

"இதை முன்னாடியே சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"சொன்னேன். நீங்க தெர்மாமீட்டரைத் தேடிட்டிருந்தீங்க."

சிஸ்டருக்கு முகம் சிவந்தது. தேடியது உண்மைதான்.

"மூடியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்தீங்க?"

சிஸ்டர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினார். முட்டைகளுக்குப் பென்சிலால் நம்பர் போட்டு, ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனிக் கேஸ் ஷீட் எழுதியிருந்தார். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தொட்டால் எப்படி இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருதரம். பதினெட்டாம் நாளிலிருந்து மணிக்கு ஒருதரம்.

"ரவுண்ட்ஸ் போகாம எப்படிம்மா இருக்கிறது?"

சுபைதா நோட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்தாள். உள்ளே போய் ஒரு பழுப்பு டேப் ரோலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இது என்ன?"

"டேப்."

"கண்ணு தெரியுது எனக்கு. எதுக்கு?"

"மூடிக்கு."

அவ்வளவுதான் உபதேசம். சிஸ்டருக்கு வந்த ஆத்திரத்தை எதன் மேலாவது இறக்க வேண்டியிருந்தது. கழுவிய தட்டின் மேல் இறக்கினார்.

"ஒரு கையால என்னத்தைக் கழுவுறே? ரெண்டு கையும் இருக்கில்ல? அழுக்கு அப்படியே ஒட்டிட்டிருக்கு."

"இருக்கு" என்றாள் சுபைதா. அவள் இடது கை முந்தானைக்குள் இருந்தது.

ஆளைப் பார்த்தே நோயைச் சொல்லக்கூடியவர் என்று சிஸ்டருக்கு ஊரில் பெயர். அன்று கோபம் கண்ணை மறைத்தது. பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

*

இரண்டாவது பார்சலில் வந்த பன்னிரண்டையும் ஒரு நாள் முழுக்க இளைப்பாற வைத்தார். அது மட்டும்தான் கேட்ட பேச்சு. டேப், கிழிந்துபோன நாட்காட்டியை ஒட்ட உதவியது.

இருபத்தோராம் நாள் இரண்டு முட்டைகள் லேசாக விரிசல் விட்டன. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சிஸ்டர் இரண்டு மணி நேரம் பொறுத்தார். அவர் அளவில் அது ஒரு யுகம்.

மறுநாள் இரண்டு குஞ்சுகளையும் பஞ்சுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாடியேறினார். இரண்டும் விறைத்திருந்தன.

சுபைதா துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஓட்டை உரிச்சீங்களா?"

"கொதிக்க வெச்ச இடுக்கியாலதான் உரிச்சேன். கையுறை போட்டுக்கிட்டேன். அப்புறமும் ரத்தம் நிக்கவே இல்லை."

"ஓட்டுல ஓடுற ரத்தம் இன்னும் உள்ளே இழுக்கல. மஞ்சக் கருவும் வயித்துக்குள்ள போகல. அதுக்கு ஒரு நாளு ஆகும். அந்த ஒரு நாளும் கத்தும்."

"கத்துறதைக் கேட்டுக்கிட்டுக் கையைக் கட்டிட்டு உட்காரச் சொல்றியா?" சிஸ்டருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "மூவாயிரம் பிரசவம் பார்த்தவ நான். இந்த ஊர்ல பாதிப் பேரை வெளியே எடுத்தது இந்தக் கை. உனக்கு என்ன தெரியும்? ஒரு தடவை தலை வந்துருச்சு, தோள் மாட்டிக்கிச்சு. டாக்டர் லீவு. பிள்ளை நீலம் பாரிச்சுப் போச்சு. நான் அன்னிக்குக் கையைக் கட்டிட்டு நின்னேனா? இழுத்தேன். இழு இழுன்னு இழுத்தேன். மூணு நிமிஷம் போயிருந்தா பிள்ளை போயிருக்கும். அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா, தெரியுமா? நாலே கால் கிலோ பிள்ளை!"

ரிட்டயர்மென்ட் விழாவில்கூட இந்தக் கதையைத்தான் மேடையில் சொன்னார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

சுபைதா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்? அழுதுச்சு. அழுதா என் வேலை முடிஞ்சுது. அடுத்த கட்டில்ல இன்னொருத்தி கத்திட்டிருந்தா."

"சரி" என்றாள் சுபைதா.

"என்ன சரி?"

அவள் முருங்கை மரத்தடியில் குழி தோண்டக் கீழே இறங்கினாள்.

இப்படி ஒரு குருவை வைத்துக்கொண்டு மாரடிப்பதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் நினைத்தார். ஆனாலும் அன்று மாலையே தேனிக்குப் போன் போட்டார்.

*

"சிஸ்டர், இதான் கடைசி" என்றார் முட்டை அனுப்புகிறவர். "கோழியெல்லாம் அடைக்கு உட்கார ஆரம்பிச்சிருச்சு. இனிமே தை மாசம்தான்."

வந்த பன்னிரண்டில் ஐந்து வழியிலேயே உடைந்திருந்தன. மீதி ஏழையும் ஒரு நாள் நிறுத்திவைத்து, பிறகு மெஷினில் வைத்தார். பதினெட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்றில்தான் உயிர் தெரிந்தது. அந்த மூன்றையும் கிடத்தி, மூடியைப் போட்டு, நாட்காட்டியிலிருந்து மீந்த டேப்பை நாலு பக்கமும் ஒட்டினார்.

கேஸ் ஷீட் எழுதவில்லை. நாற்காலியைப் பெட்டியின் எதிரே போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னார். கை வெளியே வந்தால் டேப்பைப் பிய்த்துவிடும் என்று அவருக்கே பயம். மூவாயிரம் பிள்ளைகளைக் கரை சேர்த்தவர், ஒரு கோழிக்குஞ்சைக் கரை சேர்க்க முடியாமல் கண்ணை மூடக் கூடாது. அது ஒன்றுதான் வேண்டுதல்.

இருபத்திரண்டாம் நாள் காலை ஒரு முட்டையில் சத்தம் கேட்டது. கண்ணாடி வழியே பார்த்தார். துவாரம் கூர் முனையில் இருந்தது.

காற்று இருக்கும் இடம் அகலமான முனை. குஞ்சு அங்கேதான் தலை வைத்து, அங்கேதான் கொத்தும். பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டை; இந்தக் குஞ்சு உள்ளே தலைகீழாக வளர்ந்துவிட்டிருந்தது. மற்ற இரண்டு முட்டைகளும் அசையவே இல்லை.

சிஸ்டர் தொடவில்லை. சுபைதாவைப் போனில் கூப்பிட்டார். அவள் மறுநாள் காலைதான் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள்.

"நேத்து எட்டு மணிக்குக் கொத்துச்சு. இப்ப மணி பத்து. இருபத்தாறு மணி நேரம். துவாரம் அப்படியே இருக்கு. நான் தொடல. சாட்சிக்கு டேப் இருக்கு, பாத்துக்க."

சுபைதா குனிந்து கண்ணாடியில் காதை வைத்தாள்.

"சத்தம் குறைஞ்சிருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்! மூடியைத் திறந்தா ஈரம் போயி செத்துரும். திறக்கலன்னாலும் செத்துரும்போல இருக்கு. முப்பத்தாறு முட்டையில இது ஒண்ணுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா நான் என்னன்னு இருப்பேன்? ஓட்டைக் கொஞ்சம் எடுத்துவிடவா, வேண்டாமா?"

சுபைதா கண்ணாடியிலிருந்து காதை எடுக்கவில்லை.

"அடியே, நீ குருவா, மாதா கோயில் சுரூபமா? ஒரே வார்த்தை. எடுக்கவா, வேண்டாமா?"

சுபைதா எழுந்து நின்றாள். முந்தானையை விலக்கினாள்.

வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். அது தோள் உயரம் வரைக்கும் வரவில்லை. முழங்கை உள்பக்கம் திரும்பியபடி பாதியிலேயே நின்றது. மற்றக் கையைவிட அது மெலிந்து, குட்டையாக இருந்தது.

சிஸ்டருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பிறக்கும்போது இழுபட்ட கை அப்படித்தான் இருக்கும்.

"உங்க உம்மா பேரு என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மைமூனா."

"பிறக்கும்போது எடை?"

"நாலே கால் கிலோ. உம்மா ஊர் முழுக்கச் சொல்வாங்க."

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா உன் வீட்டுக்கு வந்துட்டிருக்கேன். ஏன் சொல்லல?"

"அந்தப் பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்டேன். தெரியாதுன்னீங்க."

"தட்டைக் கழுவலன்னு உன்னைத் திட்டினேனே, சேசுவே!"

"அழுக்கு இருந்துச்சு சிஸ்டர்."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் சிஸ்டரை அதிகம் வதைத்தது. இவள் நாலு வார்த்தை வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் மேல வெறுப்பு இல்லையா உனக்கு?"

"உம்மா வெள்ளிக்கிழமை தவறாம உங்க பேரைச் சொல்லி துஆ கேக்குறாங்க. நான் ஆமீன் சொல்லுவேன்."

"கை?"

"கை இப்படித்தான்."

"நான் இழுக்கலன்னா நீ இருந்திருக்க மாட்டே."

"ஆமா."

"அவசரப்படாம, கொஞ்சம் திருப்பி எடுத்திருந்தா கையும் நல்லா இருந்திருக்குமோ?"

"அதுவும் இருக்கலாம்."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்து நின்றது. முன்பைவிடச் சன்னமாக இருந்தது.

சிஸ்டர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். கண்ணீர் அவற்றின் மேல் சொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"இப்ப நீங்க சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் சுபைதா. "ஓட்டை எடுக்கணுமா, வேண்டாமா?"

சிஸ்டர் கண்ணாடி வழியே அந்த முட்டையைப் பார்த்தார். முப்பத்துநாலு வருடத்தில் எந்த டாக்டரிடமும் எந்தத் தாயிடமும் அவர் சொல்லாத வார்த்தை ஒன்று வெளியே வந்தது.

"தெரியலம்மா."

சுபைதா டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்பத் திறங்க."