வெள்ள ஆட்டத்துக்கு வந்த நடுவர்கள்

வெகு காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டை நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். தாயம், ஆடுபுலி, சொக்கட்டான் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவோடு ஆடுகிறவர் தோற்றே ஆக வேண்டும். வருஷக்கணக்காக ஜெயித்து ஜெயித்து ராஜாவுக்கு அலுத்துப் போனது, பாவம்.

"இந்த ஆட்டங்களில் உப்புமில்லை, உறைப்புமில்லை. புது ஆட்டம் கண்டுபிடிப்பவருக்கு ஒரு கிராமம் மானியம்!" என்று பறையறையச் சொன்னார்.

பலகைகள் வந்து குவிந்தன. அவைப்புலவர் கனகசபாபதியும் ஒன்று கொண்டுவந்தார். தந்தப் பலகை, ரத்தினக் காய்கள், விதிகள் மட்டும் நூறு செய்யுள். "நடுவராகவும் நானே இருந்துவிடுகிறேனே, சிரமம் எதற்கு?" என்றார். ஆசாமிக்கு வெட்கம் என்பது கிஞ்சித்தும் கிடையாது.

அமைச்சர் அறவாழி எழுந்தார். "அரசே, இந்தச் சபையில் ஒருவருக்கும் மனசார ஆடத் தெரியாது. பாடசாலைப் பிள்ளைகள் நடுவராக இருக்கட்டும்."

சபை கொல்லென்று சிரித்தது. "மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளா என்னை எடைபோடுவது?" என்று குதித்தார் புலவர்.

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "சரி, அமைச்சரே. அவர்கள் தீர்ப்பு எனக்குத் திருப்தியில்லை என்றால், உமது பதவிக்குரிய முத்திரை மோதிரம் புலவர் விரலுக்குப் போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அறவாழி.

புலவர் சும்மா இருப்பாரா? முந்தின நாளே பாடசாலைக்கு ஒரு கூடை அதிரசம் போயிற்று. யார் கேட்டாலும் தந்தப் பலகைதான் உசத்தி என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

மறுநாள் மண்டபத்தில் பிள்ளைகள் பலகை பலகையாக மாறி மாறி ஆடினார்கள். அறவாழியோ யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உச்சிவேளை ஆனதும் சாப்பாட்டு மணியை அடிக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

தந்தப் பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் எழுந்து பறந்தார்கள். மற்றப் பலகைகளும் காலியாயின. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு கூட்டம் அசையவில்லை. ஓடக்காரி வேலம்மை தரையில் கரியால் வரைந்த வெள்ள ஆட்டம் அது. புளியங்கொட்டைகள்தான் காய்கள்; அவற்றை நகர்த்தி ஆற்றைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெள்ளம் ஏறி, பின்தங்கிய புளியங்கொட்டையை விழுங்கிவிடும்.

"அரசே, பசியை மறக்கடித்த ஆட்டம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் அறவாழி.

புலவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அடப் பாவிகளா! அத்தனை அதிரசம் தின்றுவிட்டு..." என்று கத்தியவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ள ஆட்டத்தில் மூழ்கியிருந்த செங்கமலம் என்ற சிறுமி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அதிரசம் நல்லா இருந்துச்சுங்க ஐயா. உங்க ஆட்டம்தான் நல்லா இல்ல."

ராஜா இறங்கிவந்து அவள் எதிரில் சம்மணமிட்டார். "உன் தீர்ப்பு சரியா என்று நானே பார்க்கிறேன். ஆடு!"

ஆடினார்கள். ராஜாவின் கடைசிக் கொட்டையை வெள்ளம் கொண்டுபோயிற்று. அறவாழியின் கை தானாக மோதிரத்தைத் தொட்டது.

"ராஜா என்று தெரிந்துமா தோற்கடித்தாய்?" என்றார் வீரகேசரி.

"விட்டுக்குடுத்தா, நீங்க ஜெயிக்கிறது எப்படிங்க நிஜமாகும்?" என்றாள் செங்கமலம்.

ராஜா மண்டபம் அதிரச் சிரித்தார். "வேலம்மைக்குக் கிராமம்! அமைச்சரே, மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். இப்படிப்பட்ட பிள்ளைகள் என் நாட்டில் வளர்கிறார்கள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போயிற்றே! புலவரே, உமக்கும் ஒரு வேலை உண்டு. உமது ஆட்டத்தை நீரே உட்கார்ந்து முடிவுவரை ஆடும்."

நூறு செய்யுளையும் பார்த்துப் பார்த்துக் காய் நகர்த்தினார் புலவர். கூட ஆட ஒரு ஆள் வரவில்லை.

ராஜாவோ அதற்குள் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, "இன்னொரு ஆட்டம், அம்மா" என்றார்.