மூக்கையாவின் முதல் தோசை

ஓட்டல்காரர் நல்லபெருமாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவான மடத்துச் சாமிக்கு முப்பத்தெட்டுதான். ஆனாலும் குழம்புக்கு உப்புப் போடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மனுஷன் மடத்துக்கு ஓடுவார்.

அன்றைக்கு மூச்சிரைக்க வந்தார்.

"சாமி, பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாத்துறாங்க. இனி என் கடையில ஈதான் சாப்பிடும். எனக்குப் போட்டியா ஓட்டல் நடத்துறானே, அந்த மூக்கையா, அங்கே இப்பவே கடைக்குக் கொட்டகை போட்டுட்டான். நான் அவனை முந்தணுமா, வேண்டாமா?"

"பசிக்குதுய்யா. ஒரு தோசை சுடு" என்றார் சாமி.

மடத்துத் தோசைக்கல் புதுசு. நல்லபெருமாள் மாவை ஊற்றினார். தோசை கல்லைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுரண்டித்தான் எடுத்தார்.

"ஓட்டல்காரன்னு பேரு. இதென்னய்யா கந்தல்?"

"புதுக் கல்லு சாமி! முதல் தோசை ஒட்டத்தான் செய்யும். நாலு சுட்டாத்தான் கல்லு பழகும். அப்புறம் பாருங்க, பூ மாதிரி எழும்பும். இதுகூடத் தெரியாதா?"

சாமி சிரித்துக்கொண்டே கந்தலைத் தின்றார்.

நல்லபெருமாளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது; அப்படித்தான் அவர் நினைத்தார், பாவம். முதல் தோசையை மூக்கையா சுடட்டும், ரெண்டாவதை நாம் சுடுவோம்!

புது பஸ் ஸ்டாண்டில் மூக்கையாவுக்குக் கந்தலோ கந்தல். போர்வெல் தண்ணீர் உப்பு, காபியை வாயில் வைக்க முடியவில்லை. பஸ் நிற்பதோ பத்தே நிமிஷம், உட்கார்ந்து தோசை தின்ன யாருக்கு நேரம்? தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் கடையில் ஈ ஓட்டியபடியே நல்லபெருமாள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஐந்தாம் மாசம் சிரிப்பு நின்றது. மூக்கையா ஊர்க் கிணற்றுத் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்தான். தோசையை விட்டுவிட்டு, இட்லியைப் பொட்டலம் கட்டி பஸ் ஜன்னலிலேயே நீட்டினான். டிரைவர்களெல்லாம் அவனை 'மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நல்லபெருமாள் அலறியடித்துக்கொண்டு பக்கத்திலேயே கடை திறந்தார். பளபளக்கும் மேஜை, சுடச்சுடத் தோசை, அண்டா நிறைய அதே உப்புப் போர்வெல் தண்ணீர். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

அழாத குறையாக மடத்தில் வந்து விழுந்தார்.

"மோசம் போயிட்டேன் சாமி! ஒட்டட்டும்னு முதல் தோசையை அவனுக்கே விட்டேன். நல்லாத்தான் ஒட்டிச்சு. இப்போ ரெண்டாவதும் அவனுக்கே எழும்புதே, இது எந்த ஊரு நியாயம்?"

சாமி அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"ஏன்யா, அவன் தோசை ஒட்டினப்போ, பழகினது யாரு கல்லு?"