ஒரு தாம்பூலம் மெல்லும் நேரம்

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று என்னைக் கேட்காதீர்கள், கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே கொட்டாவி விடுகிற ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். போருக்குப் போகச் சொன்னால் பல்கூடத் தேய்க்காமல் கிளம்பிவிடுவார். நகரசபையில் வந்து உட்காரச் சொன்னால் மட்டும் முகம் சுண்டிப்போகும். செவ்வாயும் வெள்ளியும் சபை கூடும். தெருவிளக்குக்கு எத்தனை குடம் எண்ணெய், மீன்கடைச் சாக்கடையை யார் வாருவது, கோயில் காளை சந்தைக்குள் புகுந்தால் யார் பிடித்துக் கட்டுவது, இதுதான் அங்கே பேச்சு. வாள் பிடித்த கைக்கு இதில் என்ன ருசி இருக்கும்?

ஒருநாள் அவர் பொறுமை அற்றுப்போனது. அன்றாடக் காரியங்களை எல்லாம் இனி ஒரே ஓலைக்கட்டாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். சபை கூடியதும் ராஜா ஒரு தாம்பூலத்தை வாயில் போடுவார். எழுத்தர் கட்டைப் பிரித்து மளமளவென்று வாசிக்க வேண்டும். ராஜா மென்று முடித்து, பக்கத்தில் இருக்கும் தங்கக் காளாஞ்சியில் துப்புவார். துப்பியதும் சபையோர் ஒரே குரலில் ‘ஆகட்டும்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், கட்டில் இருந்தது அத்தனையும் சட்டம். துப்பியதை எடுத்து யாரும் மறுபடி வாயில் போட்டுக்கொள்வதில்லை, அதைப்போல ஆகட்டும் என்றதை மாற்றுவதும் இல்லை என்று சொல்லிவிட்டு, தன் பேச்சைத் தானே மெச்சிச் சிரித்துக்கொண்டார். ஓலையில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றாதவன் தலை போகும் என்பதையும் போகிறபோக்கில் சேர்த்துவிட்டார்.

சபையோருக்குக் கசக்குமா? வந்த வேகத்தில் வீடு திரும்பலாம். ஓலையைக் காது கொடுத்துக் கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள். ராஜாவின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அந்தச் சபையில் பிச்சாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. அதில் அவனுக்கு ஒரு ரகசிய வழக்கம் உண்டு. அரண்மனைத் துணிகளை வெளுக்கிற பொன்னுருவி, காலையில் மூட்டையோடு பின்வாசலுக்கு வருவாள். புதிதாக ஏதாவது தோன்றினால் முதலில் அவளிடம்தான் சொல்வான். அவள் சிரித்தால் ராஜாவும் சிரிப்பார். அவள் உதட்டைப் பிதுக்கினால் அதை அங்கேயே விட்டுவிடுவான். இருபது வருஷத்தில் அவள் கணிப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

சபைத் தலைவர் விசயராயருக்குப் பிச்சாண்டியைக் கண்டால் ஆகாது. அவர் பேச எழுந்தால் பிச்சாண்டி காவலாளியிடம் தலையணை கேட்பான், ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். மனிதர் அதை எல்லாம் சிரித்த முகமாக வாங்கி மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

அந்த ஆனி மாதத்தில், பொன்னுருவி குடியிருந்த சலவைத் தெருவில் காய்ச்சல் வந்தது. முதலில் நான்கு பேர் படுத்தார்கள். வைத்தியரை அனுப்பியிருந்தால் கதை வேறு. விசயராயர் ஓர் ஓலை எழுதினார். செவ்வாய்க்கிழமை அது விளக்கு எண்ணெய்க்கும் கோயில் காளைக்கும் நடுவே, கட்டோடு கட்டாகச் சபைக்குப் போனது. எழுத்தர் வாசித்தார். பிச்சாண்டி அந்நேரம் பக்கத்தில் இருந்தவர் காதில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். ராஜா துப்பினார். எல்லோரும் ஆகட்டும் என்றார்கள். பிச்சாண்டியும் சொன்னான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ராஜா வேட்டைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் சேவகன் அந்த ஓலையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தான்.

“சலவைத் தெருவில் காய்ச்சல் கண்டிருப்பதால், அத்தெருவாரும், அவர்கள் கைபட்ட துணியும், அத்துணியை உடுத்தித் திரிவோரும் ஒருவர் விடாமல் அத்தெருவின் எல்லைக்குள் அடைக்கப்படுக. காய்ச்சல் ஓயும்வரை எவரும் எல்லை தாண்டலாகாது. இதை நிறைவேற்றும் பொறுப்பு விகடன் பிச்சாண்டியுடையது. வெள்ளிக்கிழமைச் சபை கலையும்போது ஒருவர் வெளியே விடுபட்டிருப்பினும் அவன் தலை போகும்.”

காய்ச்சலுக்குப் பயந்து ஊருக்குள்ளேயே உறவினர் வீடுகளுக்கு ஓடிப்போனவர்களைப் பிடிக்கத்தான் விசயராயர் அந்த ‘உடுத்தித் திரிவோர்’ என்பதைப் போட்டிருந்தார். மூலைக்கொருவராக ஒளிந்தவர்களை இந்தக் கோமாளி எங்கே பிடிக்கப் போகிறான் என்பது அவர் நினைப்பு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

பிச்சாண்டி ஓடினான். அவன் போய்ச் சேர்வதற்குள் காவலர்கள் தெருவாசலைப் பூட்டியிருந்தார்கள். சலவைத் தெருவுக்கு ஒரு பக்கம் கோட்டைச் சுவர், மறுபக்கம் இந்த ஒரே வாசல். உள்ளே ஒரு கிணறு உண்டு. உவர்மண்ணும் சாயமும் ஊறிய தண்ணீர், துணிக்கு ஆகும், தொண்டைக்கு ஆகாது. குடிதண்ணீருக்கு அவர்கள் வெளியேதான் வரவேண்டும். நூற்று நாற்பது பேர் உள்ளே இருந்தார்கள். கைக்குழந்தைகளின் அழுகை கதவைத் தாண்டிக் கேட்டது.

நான்கு குடம் தண்ணீர் வரவழைத்து உள்ளே கொடுக்கச் சொன்னான். காவலன் மறித்தான்.

“தண்ணி விடலாம்னு ஓலையில எங்க போட்டிருக்கு, காட்டுங்க.”

“விடக்கூடாதுன்னு எங்கய்யா போட்டிருக்கு?”

“ரெண்டும் போடல. அதான் விடல. எனக்கும் ஒரு தலைதான் இருக்கு.”

பிச்சாண்டி கெஞ்சினான், மிரட்டினான், விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துப் பார்த்தான். ஒன்றும் எடுபடவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிற நாக்கு அன்று எதற்கும் உதவாமல் வாய்க்குள் கிடந்தது. விசயராயர் வீட்டுக்குப் போனால் அவர் பூஜையில் இருப்பதாகச் சொன்னார்கள். ராஜா வெள்ளிக்கிழமை காலைதான் காட்டிலிருந்து திரும்புவார்.

வியாழக்கிழமை பிற்பகல் பொன்னுருவி கதவிடுக்குக்கு வந்தாள். உதடு வெடித்திருந்தது. கண்ணில் காய்ச்சல் தெரிந்தது. ஐந்து பேர் போய்விட்டார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னாள். பிச்சாண்டி தன் நிலையைச் சொன்னான். இந்தத் தெருவார் கைபட்ட துணியை உடுத்திக்கொண்டு வெளியே திரிகிற ஒவ்வொருவரையும் நாளைக்குள் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை போகும் என்றான்.

அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். “எத்தனை பேரைப் பிடிப்பீங்க சாமி? நாங்க வெளுக்காத துணி இந்த ஊர்ல எது? சபைத் தலைவர் வேட்டிக்கு ரெண்டு புள்ளி ஒரு கோடு. ராஜா மேல்துண்டுக்குப் பிறைக்குக் கீழ மூணு புள்ளி. சேங்கொட்டை மையில நான் வெச்ச குறிங்க. துணி கிழிஞ்சாலும் அது போகாது.”

துணி மாறிப்போகாமல் இருக்க ஓரத்தில் வைக்கிற குறி. ஊரில் அதைத் திருப்பிப் பார்த்தவர் யாரும் இல்லை. வேட்டி வெள்ளையாக எங்கிருந்து வருகிறது என்று விசயராயர் பிறந்த நாள்முதல் யோசித்ததில்லை.

பிச்சாண்டி குனிந்து தன் வேட்டியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தான். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, நாளை சபையில் தான் செய்யப்போவதை ஆதியோடந்தமாக அவளிடம் சொன்னான். பொன்னுருவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ராஜா சிரிப்பாரு, போங்க. ஆனா வெரசா சொல்லி முடிச்சிருங்க சாமி.”

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ராஜா வேட்டைக் களைப்போடு தாம்பூலத் தட்டுக்குக் கை நீட்டினார். அதற்குள் விசயராயர் எழுந்து, செவ்வாய்க்கிழமை ஓலை எழுத்துக்கு எழுத்து நிறைவேறியதா என்று விகடனைக் கேட்க வேண்டும் என்றார். அவர் குரலில் தேன் வழிந்தது.

“இல்லை மகாராஜா,” என்றான் பிச்சாண்டி. “தெருவார் உள்ளே இருக்கிறார்கள். நேற்று ராத்திரிவரை எட்டுப் பேர் செத்தும் உள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் கைபட்ட துணியை உடுத்தியவர்கள் இன்னும் வெளியே இருக்கிறார்கள். அனுமதி தந்தால் இப்போதே பிடித்துக்கொண்டு போகிறேன்.”

ராஜா தலையசைத்தார். பிச்சாண்டி நேராக விசயராயரிடம் போய், குனிந்து, அவர் வேட்டியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினான். இரண்டு புள்ளி, ஒரு கோடு. சேங்கொட்டைக் கறை பளிச்சென்று தெரிந்தது. அடுத்தவர் வேட்டியில் சிலுவைபோல் இரண்டு கோடு. அதற்கடுத்தவர் தானாகவே வேட்டியைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கினார். காவல் தலைவன் தன் தலைப்பாகையின் முனையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெளுத்துப்போனான். ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்த பிச்சாண்டி, சிம்மாசனத்தின் முன்னால் மண்டியிட்டு, ராஜாவின் மேல்துண்டைத் தொட்டான். பிறை. கீழே மூன்று புள்ளி.

ராஜாவின் கை வாளின் பிடிக்குப் போனது.

“என்னையும் அந்தத் தெருவில் அடைப்பாயா?”

பிச்சாண்டி மண்டியிட்ட இடத்திலிருந்து எழவில்லை. பயம்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். “ராஜா நீங்கலாக என்று ஓலையில் எழுதவில்லை மகாராஜா. தாங்கள் துப்பியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். நானும் ஆகட்டும் என்றேன். என் வேட்டியிலும் குறி இருக்கிறது.”

ராஜா விசயராயரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் விசயராயருக்கு வியர்த்துக் கொட்டியது. ஓலையைக் கிழித்துவிடலாம் என்று முனகினார். துப்பியதை எடுத்து வாயில் போடச் சொல்கிறீரா என்று ராஜா சீறினார். தான் வகுத்த சட்டத்தில் தானே சிக்கிக்கொண்ட கோபம் அது.

“ஒரு வழி இருக்கிறது,” என்று பிச்சாண்டி மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். “அன்றாடக் காரியம்தான். தெரு எல்லை பற்றியது. தாம்பூலம் தரித்தால் போதும்.”

ராஜா வெற்றிலையை வாயில் போட்டார். எழுத்தர் வாசித்தார். சலவைத் தெருவின் எல்லை இன்றுமுதல் நான்கு திசையிலும் நகரக் கோட்டை வாசல்கள்வரை நீட்டிக்கப்படுக. ஓலை அவ்வளவுதான். ராஜா துப்பினார். ஆகட்டும் என்று முதலில் கத்தியது விசயராயர்.

“நிறைவேறிவிட்டது மகாராஜா. கைபட்ட துணியும், உடுத்தியவரும், தாங்களும், நானும் எல்லோரும் சலவைத் தெருவுக்குள்தான் இருக்கிறோம். அடைக்க வேண்டியது கோட்டை வாசலை. தெருவுக்கு நடுவில் பூட்டிய கதவு எதற்கு? அரண்மனைக் கிணறும் இனி அந்தத் தெருக் கிணறு. அரண்மனை வைத்தியரும் அந்தத் தெருக்காரர். அண்டை வீட்டுக்குப் போய்ப் பார்க்க அவருக்கு என்ன தடை?”

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததும் சபையே சிரித்தது. தெருவாசலைத் திறக்க அப்போதே ஆள் ஓடியது. “என்ன வேண்டும், கேள்,” என்றார் ராஜா, சிரிப்பு அடங்காமல்.

“அந்தக் காளாஞ்சி.”

சபை இன்னும் பலமாகச் சிரித்தது. எச்சில் பாத்திரத்தைக் கேட்கிற விகடனை யார் கண்டார்கள்? தங்கத்துக்கு ஆசைப்பட்டுவிட்டான் என்று ராஜாவே அதைத் தூக்கிக் கொடுத்தார். பிச்சாண்டி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

தெருவாசல் திறந்திருந்தது. குடங்குடமாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பொன்னுருவியின் தங்கை அவனைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா விடியற்காலையில் போய்விட்டாளாம். போகுமுன், ராஜா சிரித்தாரா என்று அவனிடம் கேட்கச் சொன்னாளாம். பிச்சாண்டி அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். காளாஞ்சியை அந்தப் படியிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சபை கூடியது. ராஜா பழக்கதோஷத்தில் தாம்பூலத்தை வாயில் போட்டுக்கொண்டார். எழுத்தர் முதல் ஓலையைப் பிரித்தார். சலவைத் தெருவில் இறந்தவர்களை எரிக்கச் சந்தனத்தோப்பில் வெட்டிய விறகுக்கு அனுமதி. அன்றாடக் காரியம்தான். ஆனால் பிச்சாண்டி சொன்னபடி, அதில் பதினோரு பெயர்களும் எழுதியிருந்தன. எழுத்தர் ஒவ்வொன்றாக வாசித்தார். ராஜாவின் வாயில் சாறு ஊறியது. பக்கத்தில் பார்த்தார். காளாஞ்சி இல்லை, வேறொன்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. துப்பினால்தான் ஆகட்டும், துப்ப இடம் இல்லை, அதனால் எழுத்தருக்கும் அவசரம் இல்லை. சபையோர் முதல்முறையாகத் தாடையைப் பார்க்காமல் ஓலையைக் கேட்டார்கள். ராஜா கன்னம் உப்ப, பேசவும் முடியாமல், எழவும் முடியாமல் பிச்சாண்டியைப் பார்த்தார். பிச்சாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பதினொன்று,” என்றார் எழுத்தர். “பொன்னுருவி.”

ராஜா விழுங்கினார்.