ரிசல்தாரின் இடது கால்

ஆவடியில் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் சிறிய லேப் ஒன்றை நடத்தி வந்தார் தபிதா. வயது முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேஜையில் பிளாஸ்டிக் மாடல் செய்யக் கற்றுக்கொடுப்பார். விமானம், கப்பல், ராணுவ டாங்கி, எது வேண்டுமானாலும்.

அறுபத்தாறு வயது மாசிலாமணி அவரிடம் வந்து சேர்ந்தார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் டாங்கி ஓட்டியவர்.

"உங்க வயசுல பாதிதான் சார் எனக்கு. பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்றார் தபிதா.

"சொல்லித் தர்றவங்க டீச்சர்தான்" என்று முடித்துவிட்டார் மாசிலாமணி.

அவருக்கு ஒரே ஒரு டாங்கி செய்தால் போதும். ராணுவத்தில் கூட இருந்தவரின் மகள் தமயந்தி திருச்சியில் வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தபோது, "மாமா, அப்பா போன டாங்கி எப்படி இருக்கும்? அது மாதிரி ஒண்ணு ஹால்ல வைக்கணும்" என்று கேட்டிருந்தாள். டாங்கிப் படையில் ரிசல்தார் பதவியில் இருந்த அவள் அப்பா பொன்னுரங்கம்தான் அந்த டாங்கியின் கமாண்டர். மாசிலாமணி அதன் டிரைவர்.

ஏழு வாரம் ஒட்டினார். கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டுக்கொண்டு, அரிசியைவிடச் சின்ன துண்டுகளை இடுக்கியில் பிடித்து ஒட்டினார். எட்டாவது வாரம் பச்சை அடித்தார். அடித்த பச்சை அத்தனை சுத்தமாக இருந்தது. தபிதாவே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பார்த்தால், பின்பக்கம் முழுக்கக் கறுப்பை அப்பியிருந்தார். அவரே தின்னர் போட்டுத் துடைத்தார். மறுபடி பச்சை. மறுபடி கறுப்பு. மறுபடி தின்னர்.

கிரகப்பிரவேசத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

"டீச்சர், எரிஞ்ச கறுப்பு எப்படி வர வைக்கிறது? எனக்குச் சரியா வர மாட்டேங்குது."

"எரிஞ்சதா?"

மாசிலாமணி பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"பாலைவனத்துல பயிற்சி. எஞ்சின் பக்கம் தீப்பிடிச்சுது. நான் முன்னாடி மூடியத் திறந்து வெளிய விழுந்துட்டேன். ரிசல்தார், பீரங்கி சுடற கன்னரை மேல தள்ளி விட்டுட்டார். அவர் வரல. தமயந்திக்கு அப்ப மூணு வயசு."

தபிதா டாங்கியைத் துணியால் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

"ரிசல்தார் எந்தப் பக்கமா ஏறுவார் சார்?"

"எப்போ?"

"தினமும்."

"தினமுமா... முன்பக்கமாத்தான்னு நினைக்கிறேன்."

"எந்தக் கால் முதல்ல?"

"அதெல்லாம் யாருக்கு டீச்சர் ஞாபகம் இருக்கும்?"

தபிதா தன் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். "ஏறிக் காட்டுங்க."

மாசிலாமணி சங்கடத்தோடு எழுந்தார். ஸ்டூல் முன்னால் நின்றார். சட்டென்று வலது கை காற்றில் எதையோ பிடித்தது. இடது கால் ஸ்டூல் மேல் போய் உட்கார்ந்தது.

"இடது! இடது கால்தான் டீச்சர். வலது கையால முன்விளக்குக் கம்பியப் பிடிச்சுப்பார். இடது காலை இங்க வைப்பார்." டாங்கியின் முன்தகட்டில் விரலை வைத்தார். "அடுத்த எட்டு, என் தலைக்கு நேர் மேல. பூட்ஸால டொக் டொக்னு ரெண்டு தட்டு. எதுக்குத் தெரியுமா? மணி, தூங்கிட்டியாடான்னு அர்த்தம்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சேர்ந்த நாளிலிருந்து அவர் சிரித்து தபிதா பார்த்ததில்லை.

"எத்தனை வருஷம் அப்படி ஏறினார்?"

"அந்த வண்டியில ஒம்பது வருஷம்."

"அப்போ அந்த இடத்துல பெயிண்ட் இருக்காதே சார்."

"இருக்காது. இரும்பு பளபளன்னு தெரியும். எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் ஒரே மாசத்துல போயிடும்."

தபிதா ஒரு பென்சிலை எடுத்து, அதன் முனையைக் காகிதத்தின் மேல் பிளேடால் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் தூள் விழுந்தது.

"பிரஷ் வேணாம். விரலால தொட்டுத் தேயுங்க."

அவர் தேய்த்தார். பச்சைக்கு நடுவே இரும்பு மினுங்கியது, ஒரு கடுகளவு. விளக்குக் கம்பியிலும் தேய்த்தார், உள்ளங்கை பிடிக்கும் இடத்தில். டிரைவர் தலைக்கு மேலே வரும் மூடியின் ஓரத்திலும் தேய்த்தார்.

பிறகு யாரும் கேட்காமலே ஒவ்வொன்றாக வந்தது. ரிசல்தார் டீ டம்ளர் வைக்கும் இடம். சட்டை காயப்போடும் கம்பி. சாய்ந்துகொண்டு வீட்டுக்குக் கடிதம் எழுதும் பக்கம். கேட்டுக்கொண்டே தபிதா வேறு வேறு நிறங்களைக் குழைத்துக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியது இருவருக்கும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்தபின் மாசிலாமணியின் கை கறுப்பு டப்பா பக்கம் போய் நின்றது.

"டீச்சர், இது இல்லேன்னா நடந்ததை மறைச்ச மாதிரி ஆயிடாதா?"

"நடந்தது தமயந்திக்குத் தெரியாதா சார்?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் நினைவு நாளுக்கு அவ வீட்டுக்குப் போறேன். எனக்கு வேற என்ன பேசத் தெரியும்? அதைத்தான் சொல்லிட்டு வருவேன்."

தபிதா டாங்கியைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்பா எப்படிப் போனார்னு வருஷா வருஷம் சொல்லியிருக்கீங்க. எப்படி வருவார்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே சார்."