மூணு பேர் சேர்ந்து சொன்ன ஒரு தேங்க்யூ

கோணமுக்கு ஊர்க்காரங்க கெட்டிக்காரங்கன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. நான் அந்த ஊர்ல பொண்ணு எடுத்தவன், எனக்குத் தெரியும்.

அங்கே ஒச்சப்பனுக்குப் பேச்சின்னா உசிரு. அவ அப்பா காத்தமுத்து கறாரா சொல்லிட்டார்: "வேலை இருந்தா பொண்ணு. இல்லேன்னா நடையைக் கட்டு." மலைமேல ஒரு ஓட்டல் வாசல்ல நிக்க ஆள் வேணுமாம். வெள்ளைக்காரங்ககிட்ட சுத்தமா 'தேங்க்யூ' சொல்லத் தெரிஞ்சா போதுமாம்.

ஒச்சப்பன் சந்தையில ஒரு இங்கிலீஷ் உச்சரிப்புப் புத்தகம் வாங்கினான். கூட்டாளிங்க மாயழகும் சங்கிலியும் கூட உட்கார்ந்தாங்க. மாயழகு வாசிச்சான்: "முதல் ஒலிக்கு நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து ஊதவும்."

சங்கிலி வச்சு ஊதினான். எதிர்ல இருந்த ரெண்டு பேரும் முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் நாக்கை உள்ளே இழுக்கப் போனான்.

"டேய், எடுக்காதே!" மாயழகு பதறிட்டான். "வைக்கணும்னுதான் போட்டிருக்கு. எடுக்கணும்னு எங்கேடா போட்டிருக்கு?"

பொழுது சாயுற வரைக்கும் சங்கிலி நாக்கை நீட்டிக்கிட்டே இருந்தான். ஈ வேற வந்து உட்காருது. பாவம்!

"அடுத்த ஒலிக்கு அடிநாக்கைத் தொண்டைப் பக்கம் முட்டணுமாம். கடைசிக்கு உதட்டைக் குவிக்கணுமாம்," மாயழகு பெருமூச்சு விட்டான். "ஒரே நாக்கு எத்தனை இடத்துலடா நிக்கும்?"

ஒச்சப்பன் யோசிச்சான். "எங்க தாத்தா சொத்தை மூணு பேரு எப்படி அனுபவிச்சாங்க? பாகம் பிரிச்சுத்தானே?"

"அட, ஆமா!"

பல்லு சங்கிலிக்கு, உதடு மாயழகுக்கு, தொண்டை ஒச்சப்பனுக்குன்னு சண்டையில்லாம பிரிச்சுக்கிட்டாங்க.

மூணு பேருமா ஓட்டலுக்குப் போனாங்க. சங்கிலி 'தே'ன்னு ஊத, ஒச்சப்பன் 'ங்க்'குனு முட்ட, மாயழகு 'யூ'ன்னு குவிக்க, மேனேஜர் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். "வர்றவங்களுக்கு நல்ல வேடிக்கை. மூணு பேருக்கும் வேலை உண்டு. ஆனா ஒண்ணு, இனிமே எப்பவும் இப்படியேதான் பேசணும்!"

எப்பவும்னா எப்பவும்தானே? அன்னையிலிருந்து வீட்டுலயும் அவனவன் பாகத்தைத் தாண்டி ஒரு சத்தம் வரல.

கல்யாண நாளும் வந்துச்சு. மணையில ஒச்சப்பன், ரெண்டு பக்கமும் கூட்டாளிங்க. காத்தமுத்து கேட்டார்: "மாப்ளே, சம்மதமா? ஒரு 'ம்' போடுங்க, போதும்."

'ம்' போட உதட்டை மூடணும். அது மாயழகு பாகமாச்சே! ஒச்சப்பன் அவனைப் பரிதாபமா பார்த்தான். கூட்டாளிக்கு ஒண்ணுன்னா மாயழகு சும்மா இருப்பானா? அழுத்தமா "ம்ம்ம்" போட்டான்.

சம்மதம்னு சொன்னவன்தானே மாப்பிள்ளை? ஊரே ஒத்துக்கிச்சு. மாலையைத் தூக்கி மாயழகு கழுத்துல போட்டாங்க.

"ஐயோ, அவரு இல்ல!"ன்னு பேச்சி கத்தினா. மேளச் சத்தத்துல யாருக்குக் கேக்குது?

ஒச்சப்பன் துடிச்சுப் போய், தன்கிட்ட இருந்த ஒரே சத்தத்தை எடுத்து விட்டான்: "க்! க்!"

"யாரப்பா அங்கே, மாப்பிள்ளைத் தோழனுக்கு விக்குது. தண்ணி குடுங்க"ன்னார் காத்தமுத்து.

அட்சதை மழையா விழுந்துச்சு. யார் எதைக் கொடுத்தாலும் தேங்க்யூ சொல்லணும், வேலை அப்படி. சங்கிலி 'தே'ன்னு ஊதினான். ஒச்சப்பனுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. இருந்தாலும் சொல்லு பாதியில நிக்கலாமா? தேம்பிக்கிட்டே 'ங்க்' போட்டான். மாலையும் கழுத்துமா மாயழகு 'யூ'ன்னு முடிச்சு வச்சான்.