கழட்டின துண்டு

கோயமுத்தூரில் தண்டபாணி என்று ஒரு மில் முதலாளி. தன் சிவப்பு ரேஸ் காரை வெல்டர் அந்தோணிராஜ் பட்டறையில் நிறுத்தி அதட்டினார். “நசுங்கின சைலன்சர் துண்டை வெட்டிட்டுப் புதுசு வை. மாத்தினது கடவுளுக்கும் தெரியக்கூடாது. பழசைத் தூக்கிப் போட்டுடு.”

வெட்டிய துண்டில் நீலச் சேலை உருகி ஒட்டியிருந்தது. முந்தாநாள் பைபாஸில் அடிபட்டுச் செத்த பூக்காரி நீலச் சேலைதான் கட்டியிருந்தாள். அந்தோணிராஜ் புதுத் துண்டைப் பற்றவைத்து, கரி பூசிப் பழசாக்கினான்.

சாயங்காலம், சிவப்புக் கார்களைத் தேடிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரைத் தண்டபாணியே பட்டறைக்குக் கூட்டிவந்தார். “அடியில நல்லாப் பாருங்க. நசுங்கியிருக்கா?”

இல்லை. இன்ஸ்பெக்டர் கிளம்பத் திரும்பினார்.

அவர் கண்ணெதிரே, சேலை ஒட்டிய பழைய துண்டை அந்தோணிராஜ் தண்டபாணியிடம் நீட்டினான். “கழட்டின சாமானை ஓனர் கையில கொடுக்கறது எங்க வழக்கமுங்க.”

“இது என்னுதில்ல!”

“உங்களுது இல்லேன்னா வெட்டின வாய் பொருந்தாதுங்க. புதுசை எடுத்துட்டு வச்சுப் பாத்துடலாம்” என்றவன், கட்டரோடு காருக்கு அடியில் படுத்தான்.