பார்க்கலாம் என்று சொன்ன எறும்பு

அந்தக் காலத்தில் எறும்புகளுக்குக் காது இருந்தது. காது இருந்தால் குத்தாமல் விடுவார்களா? பிள்ளை நடக்கப் பழகியதும் நாள் பார்த்து, உறவைக் கூட்டி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். மாமன் வராமல் யாரும் ஊசியைத் தொடக்கூடாது. எறும்புக்கு ஏது மடி என்று குறுக்கே கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

வயல் வரப்பில் ஒரு வளையில் சீனியம்மா என்ற கட்டெறும்பு குடியிருந்தாள். அவள் புருஷன் பெயர் வெள்ளைச்சாமி. ஆள் என்னவோ அட்டக்கறுப்பு. ரொம்ப நாள் ஏங்கிப் பெற்ற ஒரே மகளுக்குத் தினை என்று பெயர் வைத்திருந்தார்கள். சீனியம்மாவுக்கு உடன்பிறந்தவன் சங்கிலி ஒருவன்தான். அவன் வயலுக்கு அந்தப் பக்கம், பூவரச மரத்தடியில் இருந்தான்.

வெள்ளிக்கிழமை தினைக்குக் காதுகுத்து என்று முடிவாயிற்று. தள்ளிப்போட வழியில்லை. மழைக்காலம் நெருங்கிவிட்டது. முதல் மழை இறங்குவதற்குள் வளை வாயை மண்ணால் அடைத்துவிட வேண்டும். அடைத்தால் தை பிறக்கும்வரை திறக்க முடியாது.

"என் தம்பியை வீட்டுக்கே போய், முறையா அழைச்சிட்டு வாங்க" என்று சீனியம்மா புருஷனை அனுப்பினாள்.

அப்போதெல்லாம் எறும்புகள் வழியில் யாருக்காகவும் நிற்பதில்லை. பேசுவதென்றாலும் நடந்துகொண்டேதான் பேசும். வெள்ளைச்சாமி தலையில் ஒரு நொய்யரிசியைச் சுமந்துகொண்டு போனான். எதிரே சங்கிலியே வந்துவிட்டான். இங்கேயே சொல்லிவிட்டால் பூவரச மரம்வரை நடப்பது மிச்சம் என்று வெள்ளைச்சாமிக்குத் தோன்றியது.

"மாப்ள, வெள்ளிக்கிழமை தினைக்குக் காதுகுத்து. வந்துரு" என்றான். சுமையை இறக்கவில்லை, நடையைக் குறைக்கவுமில்லை.

சங்கிலிக்குச் சுருக்கென்றது. இருப்பது ஒரே அக்கா. அவள் மகளுக்கு மாமன் நான் ஒருவன்தான். எனக்கு அழைப்பு இப்படியா, போகிற போக்கிலா? அவனும் நிற்கவில்லை.

"பார்க்கலாம் மச்சான்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

இந்தப் 'பார்க்கலாம்' இருக்கிறதே, இதைவிடப் பாழாய்ப்போன சொல் ஒன்று கிடையாது. வருகிறேன் என்றால் கூடுதலாக ஒரு இலை போடலாம். வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டாவது காரியத்தை முடிக்கலாம். பார்க்கலாம் என்று சொன்னவனுக்காக அழைத்தவள் எவ்வளவு நேரம் வாசலில் நிற்பாள்?

"என்ன சொன்னான்?" என்று சீனியம்மா கேட்டாள்.

"பார்க்கலாம்னான்."

"பார்க்கலாம்னா? வருவானா, மாட்டானா?"

"வராம எங்க போவான்? தாய்மாமனில்ல?"

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெல்லப்பாகை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். வாசலில் நின்றவளுக்குப் பாகு நினைவு வந்து உள்ளே ஓடினாள். பந்திக்கு இலை எண்ணினாள், தம்பி வீட்டுக்கும் சேர்த்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மறுபடி எண்ணினாள். வரப்பில் நிழல் ஆடினாலும் அவன்தானோ என்று எட்டிப் பார்த்தாள்.

பூவரச மரத்தடியிலும் நிம்மதி இல்லை. சங்கிலி இரண்டு கசகசாவை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துத் தோடு செய்து வைத்திருந்தான். தோட்டை எடுப்பான், வைப்பான், வாசல்வரை போவான், திரும்புவான்.

"தேய்ச்சது போதும், கிளம்புங்க" என்றாள் அவன் மனைவி பேச்சி.

"இன்னொரு தடவை கூப்பிடட்டும். வீடு தேடி வந்து கூப்பிடட்டும்."

"அப்படின்னா வர மாட்டேன்னாவது சொல்லி அனுப்புங்க."

"வர மாட்டேன்னு இப்ப யாரு சொன்னா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. உறவெல்லாம் கூடிவிட்டது. மாமன் வந்ததும் முதலில் பிள்ளையைத்தான் தூக்க வேண்டும் என்று சீனியம்மா தினையைக் குளிப்பாட்டி, வளை வாயிலேயே ஒரு வேப்பிலைமேல் உட்காரவைத்தாள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மண்வாசனை அடித்தது.

"மழை வருது சீனியம்மா. பிள்ளையை உள்ளே தூக்கிட்டு வாயை அடைச்சிருவோம்" என்றார்கள் உறவினர்கள்.

"கொஞ்சம் பொறுங்க. வரலைன்னு அவன் சொல்லலையே."

வெள்ளைச்சாமி மண்ணுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அடைச்சிடறேன்" என்றான்.

"அடைச்சப்புறம் வந்தான்னா? சாத்தின வாசலைப் பார்த்துட்டு என் தம்பி திரும்பிப் போனா, அப்புறம் ஆயுசுக்கும் எனக்குப் பொறந்த வீடு ஏது?" என்று கத்தினாள். வெள்ளைச்சாமி மண்ணுருண்டையைக் கீழே வைத்தான். தானே வழியில் நின்று ஒழுங்காக அழைத்திருக்கலாம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மாமா வர்றாராம்மா?" என்று தினை கேட்டாள்.

"வந்துக்கிட்டே இருக்கார்டா தங்கம்."

முதல் இடி இடித்ததும் சங்கிலியின் வீம்பு உடைந்தது. தோட்டை வாரிக்கொண்டு ஓடினான். பாதி வயல் தாண்டுவதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. புல்லைப் பிடித்தும் சருகில் ஏறியும் உருண்டும் புரண்டும் எப்படியோ வரப்புக்கு வந்து சேர்ந்தான். தோடு வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது.

வளை வாய் திறந்தே கிடந்தது. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. உறவெல்லாம் மேட்டில் ஒண்டி நின்றது. வேப்பிலையைக் காணவில்லை.

"அக்கா, தினை எங்கேக்கா?"

வெள்ளைச்சாமி தண்ணீர் ஓடிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீனியம்மா தம்பியைத் திட்டவில்லை. அவன் எதிரே வந்து நின்றாள். முகத்தோடு முகம் படும்படி நின்று, மெதுவாகச் சொன்னாள்:

"வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடைச்சிருப்பேனே சங்கிலி."

மழை விட்டபிறகு அவன் அந்த வயல் முழுக்கத் தேடினான். பிள்ளை கிடைக்கவில்லை. அப்புறம் அவனால் எவரையும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரையும் மறித்தான். கேட்டார்களோ இல்லையோ, முகத்தோடு முகம் வைத்து, "வர்றேன்" என்றான், இல்லாவிட்டால் "வரலை" என்றான். பைத்தியம் என்று முதலில் ஒதுங்கிப் போனவர்களும், நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு நின்று அவனுக்குப் பதில் சொன்னார்கள். பிறகு தங்களுக்குள்ளும் அப்படியே செய்தார்கள்.

சுவரோரம் எறும்புச் சாரி போகும்போது பாருங்கள். எவ்வளவு அவசரமானாலும், தலைக்குமேல் எவ்வளவு சுமை இருந்தாலும், எதிரெதிரே வரும் இரண்டு எறும்புகள் நின்று, முகத்தோடு முகம் வைத்துவிட்டுத்தான் விலகும். அன்று முதல்தான், பதில் சொல்லாமல் ஓர் எறும்பு இன்னோர் எறும்பைக் கடந்து போவதில்லை.